மஃபருக்கு வந்த குதிரைகள் ஏன் மாண்டன?

எமது மாநாட்டு மேடைகளில் குதிரை அடிக்கடி வரும். தொடக்கவுரையாக இருந்தாலும் ஆய்வரங்காக இருந்தாலும், அறபு நாட்டு வணிகர் பாண்டிய மன்னருக்குக் குதிரை கொண்டுவந்தனர் என்ற வசனம் எங்காவது ஓரிடத்தில் தலைகாட்டும். நானும் இரண்டொரு முறை அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். கப்பலிலிருந்து குதிரை இறங்குவதோடு பேச்சும் முடிந்துவிடும். இறங்கிய குதிரைக்குப் பிறகு என்ன நடந்தது, யார் தீனி போட்டார், அதன் குளம்பை யார் பார்த்தார், எத்தனை நாள் அது உயிரோடிருந்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில் எமக்கு அவ்வளவு உவப்பானதல்ல.

குதிரைகள் மாண்டன. ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில், ஆண்டுதோறும் மாண்டன.

இதை முதலில் உரத்துச் சொன்னவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. சீனாவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில், 1290களின் தொடக்கத்தில், அவர் இலங்கையையும் சோழமண்டலக் கரையையும் கடந்து சென்றார். அறபு வணிகர் மஃபர் என்றழைத்த அக்கரையைப் பாண்டியச் சகோதரர் ஐவர் ஆண்டனர் என்பது அவர் கூற்று. அவர்களில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகள் அளவில் வாங்குகின்றனர், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்று அவர் எழுதுகிறார். காரணமாக அவர் சொல்வது இரண்டு. ஒன்று, அந்நாட்டாருக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது, சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கலந்து ஊட்டுகிறார்கள், அங்கு குதிரை வைத்தியரே இல்லை. மற்றையது எம்மைத் தொடுகிறது. ஹுர்முஸ், கைஸ், ழபார், சுஹார், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரை கொண்டுவரும் வணிகர் வேண்டுமென்றே வைத்தியரை அழைத்து வருவதில்லை. போக விரும்புவோரையும் தடுத்துவிடுகின்றனர். குதிரை செத்தால்தான் அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும் என்பதே அதற்குக் காரணமாம்.

அந்த வணிகரை எம் முன்னோர் என்று மேடையில் உரிமை கொண்டாடுகிறோம். அப்படியானால் இந்தக் குற்றச்சாட்டும் எமது முற்றத்துக்குத்தான் வந்து சேர்கிறது. மறுப்பதற்கும் ஏற்பதற்கும் முன்னால் அதைச் சற்று விசாரித்துப் பார்ப்பது நல்லது.

இந்த வியாபாரம் இஸ்லாத்துக்கு மிக முற்பட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அநுராதபுரத்தை 22 வருடங்கள் ஆண்ட சேனன், குத்திகன் என்ற தமிழர் இருவரையும் மகாவம்சம் குதிரை வணிகனின் புதல்வர் என்றே அடையாளப்படுத்துகிறது. கடல் வழியாக வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையும் அறியும். அறபிகளும் பாரசீகரும் வந்து சேர்ந்தது முன்பே இருந்த ஒரு சந்தைக்குத்தான். 13ஆம் நூற்றாண்டில் அந்தச் சந்தையின் அளவு முற்றாக மாறியது.

அந்த அளவை அறிவதற்குப் போலோவை விட நல்ல சாட்சி பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். ஈரானை மங்கோலியர் ஆண்ட காலத்தில் ஷீராஸ் பகுதியில் வருமான அதிகாரியாக இருந்தவர். கணக்கேடு தெரிந்த மனிதர். கைஸ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் தமது சொந்த மந்தையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மஃபருக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது என்று அவர் எழுதுகிறார். கதீப், அல்ஹஸா, பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத் முதலிய துறைகளையும் சேர்த்தால், ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் இந்தியக் கரைக்கு வந்ததாக அவர் கணக்குச் சொல்கிறது. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். மொத்தம் 22 இலட்சம் தீனார். இலக்கங்கள் இவ்வளவு அழகாகப் பெருகி வருவது சற்றே சந்தேகத்துக்குரியதுதான். ஆனாலும் வியாபாரத்தின் பருமன் பெரிது என்பதில் ஐயமில்லை.

வஸ்ஸாப் தரும் இரண்டு தகவல்களை நாம் மேடையில் சொல்வதே இல்லை. ஒன்று, கப்பலில் வரும் வழியில் குதிரை செத்தாலும் முடப்பட்டாலும் அதன் விலையைப் பாண்டிய மன்னரே கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இரண்டு, மன்னரின் பக்கத்தில் அமைச்சராகவும் ஆலோசகராகவும் இருந்து காயல் முதலான துறைமுகங்களைப் பார்த்துக்கொண்டவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். அவர் ஜமாலுத்தீனின் உடன்பிறந்த சகோதரர்! ஒருவர் அக்கரையிலிருந்து விற்க, மற்றவர் இக்கரையில் மன்னருக்காக வாங்கினார். தமிழ் மன்னரின் அரசவையில் முஸ்லிம் ஒருவர் அமைச்சராக இருந்த பெருமையை எமது ஆய்வாளர்கள் அழகாக எழுதியிருக்கிறார்கள். விற்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை மட்டும் மெல்லக் கடந்துபோய்விட்டார்கள். வெளியிலிருந்து வரும் பண்டங்களில் ஜமாலுத்தீனின் ஆட்கள் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மற்றவர்கள் வாங்கலாம் என்ற ஏற்பாடும் இருந்தது.

இனிக் குதிரையிடம் வருவோம். மஃபரில் அதற்கு நடந்த உபசரிப்பை வஸ்ஸாப் ஏளனத்தோடு விவரிக்கிறார். பச்சைப் பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லியும் நெய்யில் பக்குவம் செய்த தானியமும் கொடுக்கிறார்களாம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால் வைக்கிறார்களாம். நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கயிற்றால் கட்டி வைத்துக் கொழுக்க விடுகிறார்கள். பிறகு பழக்காமல், சேணமும் அங்கவடியும் சரியாக இல்லாமல், பேய்போல ஏறி ஓட்டுகிறார்கள். காற்றாய்ப் பறந்த குதிரை கொஞ்ச நாளில் தளர்ந்து, மந்தித்து, எதற்கும் உதவாததாகிவிடுகிறது. ஆகவே ஆண்டுதோறும் புதுக்குதிரை தேவைப்படுகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, மேற்கு கிழக்கை வேண்டி நிற்கவும் கிழக்கு மேற்கை வேண்டி நிற்கவும் இறைவன் செய்த ஏற்பாடு என்று வஸ்ஸாப் முடித்துவிடுகிறார். போலோ சூழ்ச்சி என்று சொன்னதற்கு அவர் வைத்த பெயர் இறைநியதி. இலாபம் வரும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இறைநியதி சற்று எளிதாகத் தெரியும் போலும்.

இரு சாட்சிகளும் ஒன்றுபடுவது தீனியில். நெய், பால், சோறு, இறைச்சி. இதைக் கேட்டதும் நாமும் சிரித்துவிடுகிறோம். புல் தின்னும் விலங்குக்கு இறைச்சியா?

ஆனால் அது அறியாமையால் வந்த பழக்கமன்று. அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அதிகாரியின் கடமைகளைக் கூறும் அத்தியாயம் ஒன்றுண்டு. நல்ல குதிரைக்குரிய நாளாந்த உணவாக அது விதிப்பது தானியம், எண்ணெய், உப்பு, 50 பலம் இறைச்சி, இறைச்சிச் சாறு அல்லது தயிர், சர்க்கரை ஆகியவற்றை. குட்டி ஈன்ற பெட்டைக்கு மூன்று நாள் நெய் புகட்டச் சொல்கிறது. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை நூல்களும், நகுலன் பெயரில் வழங்கும் நூலும், ஜயதத்தரின் அசுவவைத்தியகமும் இதே பாரம்பரியத்தில் வந்தவை. வட இந்தியாவில் குதிரை வைத்தியனுக்கு ஸலோத்ரி என்ற பெயரே அந்தச் சாலிஹோத்திரரிடமிருந்து வந்தது. அக்பரின் லாயத்தில்கூட நெய்யும் சர்க்கரையும் குதிரைப்படியில் சேர்ந்திருந்ததை அபுல் பஸ்லின் ஆயினே அக்பரி பதிவு செய்திருக்கிறது. ஆக, போலோ மஃபரில் கண்டது வைத்திய நூல் இல்லாத ஒரு நாட்டையல்ல, தனக்குத் தெரியாத ஒரு வைத்திய நூலைத்தான்.

அறபிகளிடம் இருந்தது வேறொரு நூல். 9ஆம் நூற்றாண்டில் அப்பாஸியரின் லாயத்தோடு தொடர்புடைய இப்னு அகீ ஹிஸாம் குதிரையேற்றத்தையும் குதிரை வைத்தியத்தையும் பற்றி எழுதியது இத்துறையில் எமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய அறபு நூல்களில் ஒன்று. அந்தலூஸில் இப்னுல் அவ்வாம் தமது விவசாய நூலின் கடைசிப் பகுதியில் குதிரை வளர்ப்பைப் பேசினார். 14ஆம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் லாயத்து வைத்தியர் அபூபக்ர் இப்னு பத்ர் எழுதிய பெருநூல் சுல்தானின் பெயராலேயே அந்நாஸிரீ என்று வழங்கியது. இவர்களுக்குப் பைத்தார் என்று பெயர். லாடம் அடிப்பவனும் அவனே, நோய் பார்ப்பவனும் அவனே. போலோ வணிகர் தடுத்து வைத்ததாகச் சொன்னதும் இந்தப் பைத்தாரைத்தான்.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. பால் வைப்பதைப் பார்த்து வஸ்ஸாப் சிரிக்கிறார். பாலைவனத்து பதுவீக்களோ தங்கள் உயர்சாதிக் குதிரைகளுக்கு ஒட்டகப்பால் கொடுத்து வளர்த்தவர்கள். புல் வறண்ட காலத்தில் பேரீச்சம்பழமும் ஊட்டினர். மஃபர்க்காரன் பசும்பால் வைத்ததில் மட்டும் என்ன குற்றம்? ஷீராஸ் நகரத்து எழுத்தர் பாலைவனத்துக் கூடாரத்தையும் அறிந்திருக்கவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

அப்படியானால் கொன்றது எது? இக்காலத்து மிருக வைத்தியம் தெரிந்ததைக் கொண்டு பார்ப்போம்.

குதிரையின் உடம்புக்கு ஏற்ற இரைப்பை அதற்கு இல்லை. நானூறு கிலோ எடையுள்ள விலங்குக்கு எட்டு முதல் பதினைந்து லீற்றர் கொள்ளும் இரைப்பைதான் இருக்கிறது. ஒருமுறை விழுங்கியதை அதனால் வாந்தியெடுக்கவும் முடியாது. மாடுபோல அசை போடுவதுமில்லை. புல்லின் நார் புளித்துச் சத்தாவது பின்குடலில். ஆகவே அது நாளெல்லாம் சிறிது சிறிதாக மேய வேண்டிய விலங்கு. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது நானூறு கிலோ குதிரைக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ உலர்ந்த தீவனம், நாரும் புல்லுமாக உள்ளே போக வேண்டும். இருபத்தைந்து, முப்பது லீற்றர் தண்ணீர் வேண்டும், வெயில் நாளில் இன்னும் கூடுதலாக. உப்பும் வேண்டும். தானியம் இதற்குத் துணையே அன்றி மாற்றல்ல. தானியத்தை ஒரேயடியாகக் கொட்டினால் சிறுகுடலில் செரிக்காத மாப்பொருள் பின்குடலுக்கு இறங்கி அங்கே அமிலமாகிறது. வயிற்றுக்குத்து வரும். அதைவிடக் கொடியது, அந்த நஞ்சு இரத்தத்தில் ஏறிக் குளம்பின் உட்சவ்வை அழற்சியடையச் செய்வது. வயிற்றில் தொடங்கிய பிழை காலில் முடியும். குளம்பு கழன்று நிற்கும் குதிரையை எந்த லாடக்காரனாலும் காப்பாற்ற இயலாது.

இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் நெய் பெரிய குற்றவாளியல்ல. குதிரைக்குப் பித்தப்பை இல்லாவிட்டாலும் கொழுப்பைச் செரிக்க அதற்கு முடியும். இன்று பந்தயக் குதிரைகளின் தீனியிலும் எண்ணெய் சேர்க்கிறார்கள். வேகவைத்த சோறும் பச்சை அரிசியை விட எளிதாகவே செரிக்கும். சாப்பாட்டில் இல்லாமற் போனதுதான் ஆபத்து. நெல் விளையும் கரையில் நல்ல உலர்புல் எங்கே? வைக்கோலில் வயிறு நிறையும், சத்து அற்பம். பார்லியே விளையாத மண்ணில் பார்லி தின்று வளர்ந்த குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினால், தீனி மாற்றத்தைத் தாங்கவே அதற்குப் பல வாரம் வேண்டும். கிப்சாக் புல்வெளியிலிருந்து சிந்துவுக்குக் குதிரை ஓட்டிவந்த வணிகரைப் பற்றி இப்னு பதூதாவும் இதையே சொல்கிறார். சிந்துவின் புல் பூண்டு பார்லிக்கு ஈடாகாததால் தீனி வாங்கிப் போட வேண்டியிருந்தது என்றும், பெரும்பகுதிக் குதிரைகள் செத்தன அல்லது திருடுபோயின என்றும் எழுதுகிறார். அப்படியிருந்தும் வணிகருக்கு நல்ல இலாபம் நின்றது. அங்கே கடலுமில்லை, பாண்டியனுமில்லை, சோறுமில்லை.

அரிசியும் தவிடும் செய்யும் இன்னொரு கெடுதல் மெதுவானது. அவற்றில் பொஸ்பரஸ் மிகுதி, கல்சியம் குறைவு. அதையே நீண்ட காலம் தின்னும் குதிரையின் உடம்பு, தன் எலும்பிலிருந்தே கல்சியத்தைக் கரைத்தெடுக்கத் தொடங்கும். முகவெலும்பு வீங்கும், கால் நொண்டும். மஃபரில் நல்ல பெட்டையும் நல்ல ஆணும் சேர்ந்தாலும் கால் கோணிய, ஏறமுடியாத சிறு குட்டிதான் பிறக்கிறது என்று போலோ வியந்ததற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நிரூபிக்க எலும்பு வேண்டும், எம்மிடம் எலும்பு இல்லை.

வஸ்ஸாப் சொன்னவற்றில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது நெய்யல்ல, அந்த நாற்பது நாள். கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்த குதிரையைத் திடீரென ஓட்டினால் என்ன நடக்கும் என்பதை ஐரோப்பாவின் வண்டிக்காரர்கள் நன்கறிந்திருந்தனர். ஞாயிறு ஓய்வில் முழுத் தீனி தின்று நின்ற குதிரை, திங்கள் காலை வண்டியில் பூட்டியதும் சற்றுத் தூரத்தில் விறைத்து நின்றுவிடும். தசை நார்கள் சிதைந்து சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கும். அதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர் வைத்தார்கள். ஒரு நாள் ஓய்வுக்கே அப்படியென்றால் நாற்பது நாள் ஓய்வு என்னவாகும்? குதிரைக்கு உணவைப் போலவே நடையும் தினசரிக் கடமை. கட்டுத்தறியில் நின்றால் காலில் நீர் கோக்கும், குளம்பின் அடிப்பகுதி சாணத்திலும் மூத்திரத்திலும் ஊறி அழுகும். தினமும் குளம்பைத் தூக்கிப் பார்த்துச் சுரண்டிச் சுத்தம் செய்வது எந்த நாட்டு நூலிலும் முதல் பாடம்.

கடற்பயணத்தையும் மறக்கக்கூடாது. ஹுர்முஸ் கப்பல்களில் சரக்கை ஏற்றி, அதன்மேல் தோலை விரித்து, அந்தத் தோலின்மேல் குதிரைகளை நிறுத்தினார்கள் என்று போலோ எழுதுகிறார். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த கப்பல். தலையைக் குனிய விடாமல் பல நாள் கட்டி நிறுத்தினால் மூச்சுக்குழாயின் அழுக்கு வெளியேறாமல் நுரையீரலில் காய்ச்சல் பற்றும் என்பது, விமானத்தில் குதிரை ஏற்றும் இந்தக் காலத்திலும் கண்ட உண்மை. காயலில் இறங்கியபோதே பாதி நோயாளியாகத்தான் பல குதிரைகள் இறங்கியிருக்கும்.

இறங்கிய மண்ணிலும் எதிரி காத்திருந்தது. மனிதனைப் போலவே குதிரையும் வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. பாலைவனத்து உலர்ந்த காற்றில் வியர்வை உடனே காயும், எமது கரையோரத்துப் புழுக்கத்தில் காயாது. வெளியிலிருந்து வந்த குதிரைகள் சில, வெப்ப நாடுகளில் சில மாதத்தில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். வியர்க்காத குதிரையை ஓட்டுவது அடுப்பில் வைத்து ஊதுவது போலத்தான்.

ஈயும் நுளம்பும் இன்னொரு பக்கம். கடிக்கும் ஈக்கள் பரப்பும் ஸுர்ரா நோயின் கிருமியைக் கிரிபித் எவன்ஸ் என்ற இராணுவ மிருக வைத்தியர் 1880இல் பஞ்சாபில் கண்டுபிடித்தார். எமக்கு இன்னும் நெருக்கமானது கும்ரி. கமர் என்றால் பாரசீகத்தில் இடுப்பு. பின்கால் தடுமாறி, இடுப்பு ஆடி, கடைசியில் எழும்ப முடியாமற் போகும் இந்த நோய்க்கு நெடுங்காலம் யாருக்கும் காரணம் தெரிந்திருக்கவில்லை. இலங்கையில் இந்த நோய்பட்ட குதிரைகளை ஆராய்ந்து 1955இல் இன்னஸ், பிள்ளை என்ற இருவர் அதை விளக்கினார்கள். மாட்டின் வயிற்றறையில் ஒருவகை நூற்புழு வாழ்கிறது. மாட்டுக்கு அதனால் பெரிய தொல்லையில்லை. நுளம்பு அதன் குடம்பியை மாட்டிலிருந்து எடுத்துக் குதிரையிலோ ஆட்டிலோ செலுத்தினால், பழக்கமில்லாத உடம்பில் அது வழிதவறி முதுகுத்தண்டுக்குள்ளும் மூளைக்குள்ளும் துளைத்துக்கொண்டு போகிறது. மாடும் வயலும் நுளம்பும் நிறைந்த நாட்டில் மாட்டுக் கொட்டிலுக்கு அருகே கட்டிய குதிரைக்கு எந்தப் பைத்தாரும் எந்த ஸலோத்ரியும் அன்று ஒன்றும் செய்திருக்க முடியாது. பறந்த குதிரை தளர்ந்து மந்தித்தது என்று வஸ்ஸாப் எழுதியவற்றுள் கும்ரி கண்ட குதிரைகளும் இருந்திருக்கக் கூடும் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

ஆகவே வைத்தியர் வந்திருந்தாலும் எல்லாக் குதிரைகளும் பிழைத்திரா. இதைக்கொண்டு வணிகரை விடுதலை செய்துவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. குளம்பு அழுகலுக்கும் வயிற்றுக்குத்துக்கும், கட்டிப்போட்டு ஓட்டும் கேட்டுக்கும் பைத்தாரிடம் மருந்தோ புத்திமதியோ இருந்தது. காயல் முஸ்லிம்கள் நிறைந்த பட்டினம். துறையின் பொறுப்பு தகியுத்தீனின் கையில் இருந்தது. பத்துப் பைத்தார்களை வரவழைக்க வேண்டுமென்றால் தன் சகோதரருக்கு ஒரு கடிதம் எழுதினாலே போதும். அவர்கள் வந்ததாக வஸ்ஸாபின் கணக்கில் ஒரு வரியும் இல்லை. போலோ சொல்வதுபோல் வாசலில் நின்று தடுத்தார்கள் என்பதை நான் நம்பவில்லை. தடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கடலில் செத்த குதிரைக்கும் விலை உண்டு என்ற ஒப்பந்தம் கையில் இருக்கும்போது, குதிரையின் உயிரைப் பற்றிய கவலை கப்பலேற்றும் துறையிலேயே தீர்ந்துவிடுகிறது.

பாண்டியரோடு இது முடியவுமில்லை. இரண்டு நூற்றாண்டு கழித்து விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மன் குதிரை வணிகருக்குக் கேட்ட விலை கொடுத்தான் என்றும், ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வரும் வழியில் செத்தவற்றின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் உயிருள்ளதற்குரிய பணம் கொடுத்தான் என்றும் போர்த்துக்கேயரான நூனிஸ் எழுதியிருக்கிறார். கப்பலிலிருந்து வால்கள் மூட்டையாக இறங்குவதை ஒருகணம் கற்பனை செய்து பாருங்கள். வாங்கியவனும் அவ்வளவு அவசரத்தில் இருந்தான். பக்கத்து அரசனுக்குக் குதிரை போய்விடக் கூடாது என்பதே அவன் கவலை. லாயத்தில் வைத்துப் பேணுவதற்குப் பொறுமையும் வேண்டும், அமைதியும் வேண்டும். இரண்டும் அந்த அரசர்களிடம் இருக்கவில்லை. 1311இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தபோது பாண்டியச் சகோதரர்கள் தங்களுக்குள்ளேயே போரிட்டுக்கொண்டிருந்தனர்.

திருவிளையாடல் கதையொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட, இறைவனே குதிரை வணிகன் வேடத்தில் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவருகிறான். இரவில் அவை மீண்டும் நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன. சமயக் கதையை வரலாறாக்குவது என் நோக்கமன்று. ஆனால் பொன் கொடுத்து வாங்கிய குதிரை விடிந்தால் இருக்காது என்பதும், புதுக்குதிரையோடு வந்தது பழைய குதிரையையும் கொல்லும் என்பதும் அந்தக் கதையைக் கேட்ட பாண்டி நாட்டு மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவையாக இருந்திரா. தொற்றுநோய் கண்ட லாயம் ஒன்றின் காலை அப்படித்தான் இருக்கும்.

இந்த வியாபாரம் தமிழுக்குத் தந்தவையும் உண்டு. குதிரைவீரனைக் குறித்த இராவுத்தர் என்ற சொல் ஒரு முஸ்லிம் சமூகத்தின் பெயராயிற்று. அருணகிரிநாதர் முருகனையே இராவுத்தன் என்று விளித்தார். லாடம், லாயம், ஜீனி, சவாரி என்று லாயத்துச் சொற்கள் பலவும் வந்து சேர்ந்தன. பைத்தார் என்ற சொல் மட்டும் தமிழுக்குள் நுழையவில்லை. சொற்கள் ஆட்களோடுதான் வருகின்றன.

போலோவின் இன்னொரு கூற்றையும் சோதித்துப் பார்க்க எமக்கு ஓர் இடம் உண்டு. இந்தப் பக்கத்து மண்ணில் குதிரை பெருகாது என்றார் அவர். நெடுந்தீவில் பெருகியது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அங்கே குதிரை வளர்த்தனர். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரியும் அதைத் தொடர்ந்தார். லாயத்தின் கற்றூண்கள் இன்னும் நிற்கின்றன. பிறகு கைவிடப்பட்ட குதிரைகள் தாமாகவே இனம்பெருக்கித் தீவின் தெற்கு வெளியில் மந்தையாகத் திரிகின்றன. 2015இல் அப்பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

அங்கு நான் போயிருந்தது ஒரு பிற்பகலில். பவளக்கல்லும் சுண்ணாம்புமான தரை, கடற்காற்று, குட்டையான புல். காலில் லாடமில்லை, லாயமில்லை, சோறில்லை, நெய்யில்லை. மந்தை காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேய்ந்தபடியே நகர்ந்தது. எல்லாம் மட்டக் குதிரைகள். போலோ சிறியது என்று சொன்னது அந்த வகையில் சரிதான், கால்கள் மட்டும் கோணியிருக்கவில்லை. எங்களை அழைத்துப்போன பெரியவர் குதிரையைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. கோடையில் குளம் வற்றும்போதுதான் இவை விழுகின்றன, அதற்குத் தண்ணீர் விடத்தான் ஆள் வேண்டும் தம்பி என்றார். குளத்தடியில் அன்று இரண்டு மண்டையோடுகள் கிடந்தன.